நாங்க செஞ்சோம்

"இந்த வெப்சைட்டைச் செஞ்சது யாரு?" கரண்டியால் மேசையைத் தட்டிக் கேட்டாள் அக்கா.

"நாங்க செஞ்சோம்" என்றான் தம்பி.

"போச்சு. மூணு இன்டர்வியூலயும் இந்த 'நாங்க'தான் உன் வாயில மண்ணைப் போட்டுச்சு. நான் செஞ்சேன்னு சொல்லித் தொலைடா."

"நீயும் சேர்ந்துதானேக்கா செஞ்சே?"

"கம்பெனியை மூடி நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. இன்னும் என்னை ஏன் இழுக்கிறே? நீ என்ன கிழிச்சேன்னுதான் அவங்க கேப்பாங்க."

மறுநாள் இன்டர்வியூவுக்கு அவளும் துணைக்கு வந்தாள். உள்ளே அதே கேள்வி வந்தது. தம்பி நாக்கு நுனிவரை வந்த 'நாங்க'வை விழுங்கிவிட்டு, "நான் செஞ்சேன்" என்றான். எதிரே இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வெளியே வந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சொல்லிட்டேன்க்கா."

"உன் மூஞ்சியே சொல்லுது."

அதற்குள் அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்தார். "இருக்கிறது ஒரு வேலை. பாக்கி ஒருத்தர்தான். உள்ள வாங்கம்மா."

எழுந்தது அக்கா.

தம்பி திகைத்துப் போனான். "நீயுமா?"

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே" என்று அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. அதே வெப்சைட்டைக் காட்டி, அதே கேள்வியைக் கேட்டார்கள்.

அக்காவின் குரல் நிதானமாக வந்தது.

"நாங்க செஞ்சோம் சார்."