மேலே போய்வர ஒரு பாஸ்

தண்ணீர்மலையடியில், புதிதாகப் போட்ட கம்பிவேலிக்குப் பக்கத்தில், மரநிழலில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் தரும் காடு என்பதால் மலையில் புல்லறுக்க இந்த மாதம் முதல் தடை. அறுத்துப் பிழைத்தவர்களுக்கு இன்று நட்டஈடு. இலைகளினூடே விழும் காலை வெயில் தாள்களின்மேல் அசைகிறது. செங்கமலத்தின் முறை வந்ததும், கணக்கெழுதும் கிராணி கதிர்காமநாதன் மைத்தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறார். "இதிலை கைநாட்டு வையுங்கோ அக்கா." அவள் கையை நீட்டவில்லை. "நட்டஈட்டு வெள்ளிக்காச நீங்களே வச்சுக்குங்கலா ஐயா. மேல போய்வர எனக்கு ஒரு பாஸ் குடுங்க." "மாடுகளைத்தான் வித்திட்டியளே. பிறகேன் புல்லு?" "புல்லுக்கு இல்லைங்கய்யா. அங்க அருவிச் சத்தம் கேக்கும். கூடையை இறக்கி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பேன். வீட்டுல அப்படி உக்கார முடியுதா?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "இனி ஒருத்தருக்கும் பாஸ் இல்லை அக்கா" என்கிறார் மெல்ல. செங்கமலம் கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் பதிக்கிறாள். அப்போது மேலிருந்து காற்று இறங்குகிறது. ஈரப்புல் வாசம் மேசைவரை வருகிறது. அவள் வேலிப் பக்கம் திரும்பி அப்படியே நிற்கிறாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஒருவரும் அவளை நகரச் சொல்லவில்லை.