மெலிசுப் பட்டை

"அது விக்கறதுக்கு இல்லே" என்று சம்பங்கி தொட்டில் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முனிலட்சுமி விடவில்லை. மறுவிளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் குழந்தை, சேலைத் தலைப்புக்குள் மூடியிருந்தது.

நயா பைசா வந்த புதிது. அஞ்செட்டி சந்தையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சில்லறைச் சண்டை. அந்த இரைச்சலையும் மீறி இவர்கள் குரல் கேட்டது.

"விக்கறதுக்கு இல்லேன்னா சந்தைக்கு எதுக்கு தூக்கினு வந்தே?"

நியாயமான கேள்விதான்.

சாணிக் கூடை, கோழிக் கூடை, முறம் எல்லாவற்றையும் சம்பங்கி கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். ஒரு மூங்கில் பட்டை முன்னே பின்னே இருந்தால் அவள் கவலைப்பட்டதில்லை. தொட்டில் கூடை மட்டும் வேறு. முடைவாள், பிரிப்பாள், மறுபடி முடைவாள். இந்தத் தடவை விற்றே தீருவது என்று நாட்றாம்பாளையத்திலிருந்து சுமந்துகொண்டு வருவாள். யாராவது கை வைத்ததும் அதில் ஒரு குறை கண்ணில் பட்டுவிடும்.

இன்றைக்கும் பட்டது.

"அடியில ஒரு பட்டை மெலிசா ஓடியிருக்குது. அடுத்த சந்தைக்கு நல்லதா ஒன்னு முடைஞ்சு தரேன், போ."

கோபம் வந்தால் முனிலட்சுமிக்குக் கன்னடம்தான் வரும். வசவுகள் சரம் சரமாக விழுந்தன. முறம் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

சம்பங்கிக்கும் பொத்துக்கொண்டு வந்தது. ஏமாற்றி விற்றால் வசவு வாங்கலாம். குறையைச் சொன்னதற்கா வசவு? கண்டதையும் தலையில் கட்டிவிட்டுப் போகிறவளா அவள்? வாயைத் திறப்பதற்குள் முனிலட்சுமி முந்திக்கொண்டாள். இப்போது தமிழ்.

"போன சந்தையிலயும் இதையேதான் சொன்னே."

சொல்லிக்கொண்டே தலைப்பை விலக்கினாள்.

குழந்தையின் ஒரு பக்கக் கன்னம் முழுக்கத் தடித்திருந்தது. இமை வீங்கிக் கண்ணே தெரியவில்லை.

"கேவுரு கொல்லையில களை எடுக்கறேன். இவள வரப்புல துணி விரிச்சுப் போட்டிருந்தேன். கட்டெறும்பு. கத்தறது கேட்டு ஓடறதுக்குள்ள இப்படி ஆகிப்போச்சு. வேலைய விட்டுட்டு எதுக்குடி ஓடினேன்னு பண்ணைக்காரன் அதுக்கும் ஏசினான். சொல்லு, உன் மெலிசுப் பட்டை எறும்பு மாதிரி கடிக்குமா?"

சம்பங்கியால் அந்த முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கூடையைத் தரையில் வைத்து, அதற்குள் முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள். மூங்கில் முனகக்கூட இல்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு எடுத்து முனிலட்சுமியின் கையில் கொடுத்தாள்.

முனிலட்சுமியின் ஆத்திரம் அடங்கவில்லை. காசைச் சம்பங்கி விரித்திருந்த சாக்கின் மேல் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"பொண்ணே, நில்லு. கூடைய எதுல கட்டித் தொங்கவிடுவே?"

"கெணத்துல தண்ணி சேந்தற பழைய கவுறு ஒன்னு கெடக்குது."

சம்பங்கி எழுந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டுக் கயிறு விற்கும் கங்கப்பனிடம் போனாள். புதுக் கயிறாக ஒன்றை உருவினாள். ஒரு நுனியைக் காலால் மிதித்து, மறு நுனியைக் கையில் சுற்றி, உள்ளங்கை கன்றிப்போகும்வரை இழுத்துப் பார்த்தாள். பின்னால் ஓடிப்போய் அதை முனிலட்சுமியின் தோளில் போட்டாள்.

"பழசுல கட்டாதே, தாயி."

முனிலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. கயிற்றை வேண்டாமென்றும் சொல்லவில்லை.

சம்பங்கி தன் மகளைப் பறிகொடுத்த அன்று, அவள் முடைந்த தொட்டில் கூடை புங்கமரத்தடியில் ஒரு பட்டைகூடப் பிரியாமல்தான் கிடந்தது. அதைப் புருஷன் நாராயணப்பன் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியும் அவள் காதில் வாங்கியதில்லை.

அறுந்தது கயிறுதான்.