சுடுகாட்டுச் சரிவு

சுடுகாட்டுக்கு இறங்கும் சரிவின் உச்சியில் மருமகன் எட்வின் சக்கர நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பினான். திருமலையாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கட்டினவ முகத்தைக் கடைசியா பாக்கப் போறவன் முதுகைக் காட்டிக்கிட்டா போவேன்? நேரா விடுடா."

"நேரா விட்டா குப்புற விழுவீங்க மாமா. நான் கீழ நின்னு தாங்கித்தான் இறக்கணும். சக்கரத்துல இருந்து கையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனவன். அன்றிலிருந்து இவனை நம்பியதுமில்லை, அவள் முகத்தில் விழித்ததுமில்லை.

"நீ பாதியில விட்டுட்டா?"

"விட்டா முதல்ல நசுங்குறது நான்தான்."

முகத்துக்கு வைக்க வரட்டி எங்கே என்று கீழே யாரோ கத்தினார்கள். அதை வைத்துவிட்டால் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. கிழவர் ஒரு கையை எடுத்தார், அப்புறம் மற்றதையும். மொத்தப் பாரமும் எட்வின் நெஞ்சில் போய் இறங்கியது. அவன் முனகிய மூச்சு அவர் பிடரியில் சுட்டது. நாற்காலி மெல்ல மெல்லக் கீழே போனது.

மேலே, பெண்கள் நின்றுவிட்ட மேட்டில், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். அவர் கண்ணெதிரே வேறு யாருமில்லை. பார்த்துக்கொண்டே இறங்கினார்.