மூன்றாவது உதாரணம்

இரண்டு உதாரணம் எழுதியாகிவிட்டது. மூன்றாவது வரவில்லை.

இன்றைய ஆங்கிலத் தொடர் 'ஸ்பீக் அப்'. பட்டியல் போன மாதமே போட்டது. அதன்படி இன்று இதன் முறை. மாற்றி வேறொன்றைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்கும் அசதியாக இருந்தது.

பொருள் என்ற இடத்தில் அடித்தார்: வாய் திறந்து சொல்லுதல்; ஒருவருக்காகத் துணிந்து பேசுதல்.

பத்திரிகையில் 'தினம் ஒரு ஆங்கிலத் தொடர்' பகுதியை இருபத்தொரு வருடமாக அவர்தான் எழுதுகிறார். உதாரணங்களில் எப்போதும் ராஜுவும் கீதாவும்தான். ராஜு ரயிலைத் தவறவிடுவான். கீதா மழையில் நனைவாள். இரண்டு பேருக்கும் இன்னும் வயசாகவில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

இன்று ராஜு கூட்டத்தில் கீதாவுக்காகப் பேசினான். கீதா அநியாயத்தைத் தட்டிக் கேட்டாள்.

எழுதிவிட்டுப் பார்த்தால் அவருக்கே எரிச்சல் வந்தது.

பேசினானாம்.

எதிர் மேசை காலி. ஜெபக்கனியின் கணினியை யாரோ அணைத்திருந்தார்கள். பக்கம் வடிவமைப்பவள். காலை பதினொரு மணி வரை.

இன்றைய பேப்பரில் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம். இறந்தவர் தம்பி. அச்சில் வந்தது அண்ணன் படம். அந்த அண்ணன் காலையில் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றார், முழு உயிரோடு.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். யார் வைத்த படம் என்று கேட்டார்.

ஜெபக்கனி எழுந்தாள்.

வைத்தது அவள்தான். ஆனால் நேற்று இரண்டு படத்தையும் இவரிடம் கொண்டுவந்து எது என்று கேட்டாள். இவர் அரைக்கண்ணால் பார்த்து, மீசை வைத்தவர் என்றார். பிழை பார்ப்பதும் இவர் வேலைதான்; சரி என்று புரூஃபில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அவள் அதைச் சொல்லவில்லை. இவரை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

இவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் அவளிடம் சொன்னார்.

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். பை கனமாகத்தான் தெரிந்தது. மதியச் சாப்பாடு அப்படியே இருந்திருக்கும்.

வெட்கமாக இருந்தது. தன்னை நினைத்து இத்தனை அலுப்பு வரும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

மூன்றாவது உதாரணத்தில் ராஜுவை விட்டுவிட்டார். ஜெபக்கனிக்காக யாரும் பேசவில்லை என்று ஆங்கிலத்தில் அடித்தார்.

யாருமா?

அந்தச் சொல்லை அழித்தார். நான் பேசவில்லை என்று போட்டார். இருபத்தொரு வருடத்தில் அந்தப் பகுதியில் 'நான்' வந்ததே இல்லை.

ஆங்கிலத்தில் அது அவ்வளவாக வலிக்கவில்லை. வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது.

வழக்கப்படி அடியில் தமிழ் வர வேண்டும்.

அதற்குக் கால் மணி நேரம் பிடித்தது.

ஜெபக்கனிக்காக நான் வாய் திறக்கவில்லை.

அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை. அதனால்தான் அங்கே எழுதுகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அனுப்பிவிட்டார்.

நாலு மணிக்குச் சிவனணைந்தான் வந்து நின்றான். ஜெபக்கனி வேலையைப் பார்க்க இணைப்பிதழிலிருந்து இரவல் வந்தவன்.

"சார், ஒரு வரி கூடுது. கடைசி உதாரணத்துக்குத் தமிழத் தூக்கிரட்டுமா? இங்கிலீஷ் மட்டும் போதும்லா?"

படித்துவிட்டுத்தான் கேட்கிறானா என்று முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தலையாட்டினால் போதும். காலையில் மாதிரி, அதுவும் முடிந்துவிடும்.

"இங்கிலீஷத் தூக்கிருங்க. தமிழ் இருக்கட்டும்."

அவன் போய்விட்டான்.

கீழ் டிராயரைத் திறந்தார். விளம்பரத்தின் புரூஃப் நாலாக மடித்துக் கிடந்தது. ஓரத்தில் அவர் கையெழுத்து. காலையில் கூட்டத்துக்குப் போகும் முன் அவரே எடுத்து ஒளித்து வைத்தது.

மடிப்பைப் பிரித்தார். கையால் தேய்த்து நீவினார்.

அதை எடுத்துக்கொண்டு எழுந்தபோது நாற்காலி கிறீச்சிட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஆள் இருக்கிறார்.