ஒரு வீட்டுக்கு ஒரு சாவி

வேலை கேட்டு நிறைமதி எழுதிய மூன்று நிறுவனங்களும், "நீங்கள் மறுத்துவிட்டதில் வருத்தம்" என்று பதில் அனுப்பியிருந்தன. அவள் மறுக்கவே இல்லை. நான்காவது நிறுவனத்தின் பதில்தான் பாக்கி.

கோவையில் இப்போது கல்யாணத்தன்றே மருமகளின் காதுக்குப் பின்னால், மின்கடிதங்களைப் பூட்டித் திறக்கும் குடும்பச் சாவியைச் சில்லாக ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு எழுதுகிறவர்களுக்கும் அதன் நகல்தான். திறக்கிற அதே சாவி பூட்டவும் செய்யும். ஆகவே, ஒரு கடிதத்தை எழுதிப் பூட்டியது மருமகளா மாமியாரா என்று வெளியே தெரியாது.

"அத்தை, வேலை வேண்டாம்னு நீங்களா எழுதுனீங்க?"

"மரியாதையா, உன்ற பேருலதான் எழுதுனேன் கண்ணு," என்றாள் மாமியார், வெண்டைக்காய் நறுக்கியபடி. "நீ ஏஞ்சாமி பெங்களூருல போய்க் கஷ்டப்படோணும்?"

"நம்ம வீட்டுல ஒளிவுமறைவே கிடையாது," என்றான் கணவன், பெருமையாக.

"ஆமா, எனக்கு வேலை கிடைச்சதத் தவிர."

அன்றே நிறைமதி தனக்கென்று இரண்டு சாவிகள் செய்துகொண்டாள். அவளுக்கு எழுதுவதைப் பூட்டவும், அவள் கையெழுத்தைச் சரிபார்க்கவும் மட்டுமே உதவும் ஒன்றை நான்காவது நிறுவனத்துக்கும், மாமியாருக்கும், ஊருக்கே கொடுத்தாள். அவளுக்கு வருவதைத் திறக்கவும், அவள் பெயரில் கையெழுத்திடவும் வேண்டிய மற்றதை யாருக்கும் கொடுக்கவில்லை.