பையன் ரூமுக்கு

"இதைவிடக் கொஞ்சம் சத்தமா ஓடற ஃபேன் இருக்காம்மா?"

கடைக்காரிக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் நம்ப முடியவில்லை.

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து, துளி சத்தம்கூட வரக் கூடாது என்று உயிரை எடுப்பவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

இந்த மனிதர் வந்ததிலிருந்தே ஒரு தினுசுதான். பிராசஸர் எது போடலாம் என்றால் "எதுவானாலும் சரி" என்றார். கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அவள் மூச்சுவிடாமல் விளக்கினாள். தலையை மட்டும் ஆட்டினார். மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் இருக்கும்போல என்று அவளும் விட்டுவிட்டாள்.

"யார் விளையாடறதுக்கு சார்? பையனுக்கா?"

"பையன் ரூமுக்கு."

"அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. உங்களை வெயில்ல அலையவிட்டுட்டு அவர் சொகுசா வீட்ல இருக்காரா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. சில அப்பாக்களுக்குக் கிண்டல் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபேன் பேச்சு எடுத்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டச் சொன்னார். அவளும் மேஜைமேல் இருந்த பவர் சப்ளையில் செருகிச் செருகிக் காட்டினாள்.

அதுவும் போதவில்லை. பின்னாலிருந்த ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இப்ப போடும்மா!"

போட்டாள்.

"இல்லம்மா, இது இல்ல!"

இருந்ததிலேயே விலை உயர்ந்ததைச் செருகினாள். ஓடுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும், அத்தனை நைசு.

"போட்டாச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மேஜைக்கு அடியில் கழித்துப்போட்ட சாமான் பெட்டியைத் துழாவி, பேரிங் தேய்ந்த பழைய ஃபேன் ஒன்றை எடுத்து வீம்புக்குச் செருகினாள். அது கர்ரென்று கத்தியது. நடுநடுவே டக்கென்று இடித்தது.

கதவு திறந்தது.

அவர் முகம் நனைந்திருந்தது.

"இதேதான்மா. அவனோடது இப்படித்தான் கத்தும்."

"அப்ப ஏற்கெனவே ஒண்ணு இருக்கா சார்?"

"இருந்துச்சு. அவன் போனப்புறம், அவங்கம்மா பார்த்துப் பார்த்து அழறாளேன்னு நான்தான் அந்த கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துட்டேன். அதுலேர்ந்து அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லையேங்கறா."

கடைக்காரிக்குத் தான் செய்த கிண்டலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை.

அவர் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்ததும் ஒரு வார்த்தை பேசாமல், போனை ஃபேனுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

வெளியே நடுப்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஃபேன் கத்தியது, இடித்தது, மறுபடி கத்தியது.

பிறகு போனிலிருந்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படியாக ஒரு அம்மாவின் குரல் வந்தது.

"இன்னும் தூங்கலையாடா நீ? போதும் கண்ணு, அணைச்சிட்டுப் படு."