ஃபோகஸில் சிக்கிய பருந்து

“இன்னா பாய் இது, பருந்த எடுத்தா இந்த கேமரா புகைபோக்கிய எடுக்குது?”

முப்பத்தாறு படங்களையும் ஸ்டூடியோ மேசையில் சீட்டுக்கட்டு போல விரித்தார் ஞானமுத்து. ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். ஒவ்வொரு படத்திலும் தோல் பதனிடும் டேனரியின் புகைபோக்கி செங்கல் செங்கலாகத் தெரிந்தது. பருந்து இருக்க வேண்டிய இடத்தில் யாரோ காபியைச் சிந்தியது போல ஒரு கறை.

“ஆட்டோஃபோகஸ் சார். பருந்து பறந்து போய்டுது, புகைபோக்கி நிக்குது. நிக்கிறதத்தான் அது புடிக்கும்,” என்றார் ஸ்டூடியோக்காரர் சர்தார் பாஷா.

“அப்போ அஹமது பாஷாவுக்கு மட்டும் எப்டி புடிச்சுது? அதுவும் கையால திருகுற பழைய கேமராவுல?”

அதுதான் விஷயம். போன வருஷம் கம்பெனி ஆண்டு விழாவின் ‘பறக்கும் பறவை’ புகைப்படப் போட்டியில் அஹமது பாஷாவின் பருந்துக்கு முதல் பரிசு. இறகு இறகாக எண்ணலாம். அதைச் சட்டம் போட்டு கேண்டீன் வாசலில் மாட்டிவிட்டார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டதில் ஞானமுத்து பாதி ஆளாகியிருந்தார். போதாததற்கு, தோல் தரம் பிரிக்கும் அஹமது பாஷா எதிரே வரும்போதெல்லாம், “பொறுமை வேணும் தோஸ்த், பறவை நம்மள நம்பணும்,” என்பார்.

ஞானமுத்து மைத்துனரை நச்சரித்து சிங்கப்பூரிலிருந்து இந்தக் கேமராவை வரவழைத்தார். மொட்டை மாடியில் பதினோரு ஃபிலிம் ரோல் தவம். ஆம்பூர்ப் பருந்துகள் அவரிடம் நலம் விசாரித்துவிட்டுப் போகும் அளவுக்குப் பழகிவிட்டன.

“அடுத்த வாரம் போட்டி பாய். இந்த வாட்டியும் போச்சுன்னா நான் கேண்டீன் பக்கமே தலை வெச்சுப் படுக்கமாட்டேன்.” கொஞ்சம் யோசித்தார். “நிக்கிறதத்தான் புடிக்கும்னீங்க, இல்ல? சரி, இன்னொரு ரோல் குடுங்க.”

ஆண்டு விழாவில், போன வருஷம் ஜெயித்த அஹமது பாஷாதான் நடுவர். பலகையில் ஞானமுத்துவின் படத்தைச் சுற்றிக் கூட்டம். நீல வானத்தில் இறக்கை விரித்த பருந்து. விட்டால் தோளில் வந்து உட்கார்ந்துவிடும், அவ்வளவு தெளிவு.

அஹமது பாஷா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தோல் பார்த்த முப்பது வருஷப் பழக்கத்தில் கட்டைவிரலால் படத்தைத் தடவியும் பார்த்தார். ஞானமுத்துவின் சட்டை நனைந்துவிட்டது.

“நல்ல கேமரா. மயிர்க்கால் வரைக்கும் புடிச்சிருக்கு,” என்றவர் காதருகே குனிந்தார். “இறக்கை ஆட்டுத் தோல், வால் மாட்டுத் தோல். நம்ம தையல் செக்‌ஷன் சகீனா கைவேலையா?”

ஞானமுத்து குரலைத் தாழ்த்தினார். “போட்டிய விட்டே தூக்கிடுவீங்களா பாய்?”

அஹமது பாஷா துண்டுச்சீட்டில் ‘முதல் பரிசு’ என்று எழுதிப் படத்தின் மேல் ஒட்டினார்.

“எப்டி தூக்குறது தோஸ்த்? போன வருஷம் எனக்குத் தைச்சதவிட அந்தம்மா உங்களுக்கு நல்லாவே தைச்சிருக்காங்க.”